சாரைப்பாம்பும் நாலாவது வாரமும்

கோவிந்தராசுவிடம் டீயா காபியா என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு உங்கள் பொழுது போனது. டீ என்பான். கடைக்காரர் கிளாஸைக் கையில் எடுத்ததும், காபியே சொல்லியிருக்கலாமோ என்பான். காபி வந்த பிறகு பக்கத்தில் நிற்பவனின் டீயைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். செருப்புக் கடைக்குக் கூட்டிப் போனால் வலது காலில் ஒரு ஜோடியும் இடது காலில் வேறு ஜோடியுமாக, கடை சாத்துகிற வரை நிற்பான். மதில் மேல் பூனையாவது ஏதோ ஒரு பக்கம் குதித்துத் தொலைக்கும். இவன் மதிலிலேயே குடியிருப்பவன்.

நான் அம்மாவாசை, ஏசி மெக்கானிக். பெயரைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வரலாம், எனக்குப் பழகிவிட்டது. பிள்ளைச்சாவடியில் மெயின் ரோட்டுக்கு மேற்கே ஒரே தெருவில்தான் எங்கள் இரண்டு பேர் வீடும். முன்பு தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்து வேலை பார்த்தோம். அதை மூடினார்கள். ஒரு காண்டிராக்டர் எங்களைக் காலாப்பட்டுப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் கொண்டுபோய் விட்டார். எனக்கு அங்கே ஏசி, அவனுக்குத் தவளை.

ஆமாம், தவளைதான். நம் ஊர்த் தவளை இல்லை, ஆப்பிரிக்காத் தவளை. அதற்கு நாக்கு கிடையாது, பின்னங்காலில் கறுப்பு நகம் இருக்கும், தண்ணீரை விட்டு வெளியே வராது, மழைக்குக் கத்தாது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இது வாயைத் திறக்காமலேயே கெட்ட ஜாதி. வெளியே கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும், வாட்ச்மேனுக்கு ஒரு ஃபேன் கிடையாது. தவளை அறையில் மட்டும் இரவும் பகலும் பதினெட்டு டிகிரி. அது ஒரு டிகிரி ஏறினாலும் எனக்கு போன் வந்துவிடும்.

கோவிந்தராசுவின் வேலை தொட்டி கழுவுவது, குளோரின் போவதற்காகத் தண்ணீரைப் பிடித்து வைத்து மாற்றுவது, தீனி போடுவது. கடைசியாக இன்னொரு வேலையும் உண்டு. ஆராய்ச்சிக்காரர்கள் தவளை முட்டைகளைக் கண்ணாடித் தட்டுகளில் வைத்து ஏதேதோ செய்து பார்ப்பார்கள். முட்டை குஞ்சாகி, வால் முளைத்து, தலைப்பிரட்டையாகி நீந்தும். பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்த தட்டுகளைச் சாயங்காலம் இவனிடம் கொடுப்பார்கள். இவன் அவற்றை மயக்க மருந்துத் தண்ணீரில் கவிழ்ப்பான். அசைவு நின்ற பிறகு பிளீச்சிங் தொட்டியில் ஊற்றுவான். ஒரு வருடத்துக்கு மேல் இதைச் செய்தான், ஒரு முணுமுணுப்பு இல்லை. கொசுப்புழுவை விடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதானே.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நான் இருந்த மெஷின் ரூமுக்கு வந்து நின்றான். முகம் வெளிறிக் கிடந்தது.

"அண்ணே, பூவிழி முழுகாம இருக்குது. மூணு மாசம் முடிஞ்சிட்டுதாம். நேத்துதான் எங்கிட்டயே சொன்னா."

"நல்ல சேதிதானடா. அதுக்கு ஏன் எழவு வூட்டுக்குப் போற மாதிரி நிக்கிற?"

"இதக் கொஞ்சம் நீங்க ஊத்திடுங்கண்ணே" என்று தட்டுகளை நீட்டினான்.

எனக்கு உடனே புரிந்தது. புரிந்ததும் தட்டுகளை வாங்கிக்கொண்டேன்.

அவனுக்கும் அவன் பெண்டாட்டி பூவிழிக்கும் பிறந்த முதல் குழந்தை பெண். இடுப்புக்கு மேலே முதுகு மூடாமல் பிறந்தது. முகம் மட்டும் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது, நல்ல மூக்கும் விழியுமாக இருந்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எதனால் இப்படி என்று கேட்டதற்கு டாக்டர், சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார். கேட்டவனுக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. ஆனால் கோவிந்தராசுவின் அம்மா வீராயியிடம் பதில் தயாராக இருந்தது.

பூவிழிக்கு அப்போது ஐந்தாம் மாதம். குடக் கம்பெனியில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு சாரைப்பாம்பு வந்துவிட்டது. எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். கோவிந்தராசு கையில் அச்சைத் திறக்கிற இரும்புக் கம்பி இருந்தது. ஒரே அடி. நானும் பக்கத்தில்தான் நின்றேன். எல்லாவற்றுக்கும் ஒரு நாள் யோசிக்கிறவன் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த ஒரே காரியம் அதுதான். அது முதுகெலும்பில் விழுந்தது. பாம்பு நடு உடம்பில் மடங்கி, தலை ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமுமாகக் கொஞ்ச நேரம் துடித்தது.

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் செய்யக் கூடாதவை என்று ஒரு பட்டியலே இருக்கிறது. முடி வெட்டக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, கடலில் குளிக்கக் கூடாது, முக்கியமாக எந்த உயிரையும் எடுக்கக் கூடாது. அதிலும் பாம்பு என்றால் கேட்கவே வேண்டாம். குழந்தையின் முதுகைப் பார்த்த வீராயி, "நீ அடிச்ச எடம் இதாண்டா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். அப்புறம் ஒருமுறைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் நல்ல மனுஷிதான். ஆனால் அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. டீயா காபியா என்பதெல்லாம் அதற்குப் பிறகு முற்றிப்போன வியாதி. கையை எங்கே வைத்தாலும் அதன் கீழே ஏதாவது செத்துவிடுமோ என்கிற பயம் அவனுக்கு.

ஆகவே சாயங்காலத் தட்டுகள் என் பொறுப்புக்கு வந்தன. எனக்குப் பிள்ளை பெறுகிற கவலை எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. நான் ஊற்றினேன், அவன் மெஷின் ரூம் வாசலில் திரும்பி நின்றுகொள்வான். ஊரிலுள்ள காரியத்தை எல்லாம் யோசிக்கிறவன், அதே தட்டுகளை இத்தனை நாளும் பார்த்தவன், அப்போதுதான் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டான். இந்தத் தவளைக் குஞ்சுகளை வைத்து இவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

அதை அறிவுமதியிடம் போய்க் கேட்டான். தவளை முட்டைகளில் ஆராய்ச்சி செய்கிற மாணவி அவள். விருத்தாசலம் பக்கத்துப் பெண், வேலை மும்முரத்தில் சாப்பிட மறந்துவிடுவாள், மற்றபடி தங்கமான குணம். ஏசி ஃபில்டரைக் கழற்றும் சாக்கில் நானும் அங்கே இருந்தேன்.

"வீடு கட்டறாங்கன்னு வச்சுக்கங்கண்ணா" என்றாள். "செங்கல்லு, சிமெண்டு எல்லாம் இருக்கு. ஆனா இங்க சமையக்கட்டு, இங்க பாத்ரூமுன்னு நின்னு சொல்றது யாரு?"

"மேஸ்திரி."

"அந்த மேஸ்திரி வேல பாக்கற ஜீனுங்க சிலது இருக்கு. ஹோமியோபாக்ஸ் ஜீன்னு பேரு. முதுகுத் தண்டு உண்டாகும்போது, இந்த எடம் கழுத்து, இந்த எடம் இடுப்பு, இந்த வரிசைல இருக்கற நரம்பு வலிய உணரணும், அந்த வரிசைல இருக்கறது கால ஆட்டணும்னு ஒவ்வொண்ணுக்கும் எடத்தப் பிரிச்சுக் குடுக்கறது அதுங்கதான். நான் அதுல ஒரு மேஸ்திரிய மட்டும் பேச வுடாம பண்ணிட்டு, இன்னா ஆவுதுன்னு பாக்கறேன்."

அவள் செய்கிற வேலையைப் பூதக்கண்ணாடியில் காட்டினாள். முட்டை முதலில் இரண்டாகப் பிரியும். அந்த இரண்டில் ஒன்றுக்கு மட்டும் முடியை விட மெல்லிய கண்ணாடி ஊசியால் மருந்து ஏற்றுவாளாம். அந்தப் பாதி தவளையின் இடது பக்கமாகவோ வலது பக்கமாகவோ வளரும். மறு பாதி அதன் பாட்டுக்கு வளரும். அப்போது ஒரே உடம்பில் கை வைத்த பக்கத்தையும் கை வைக்காத பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஊசி போட்ட பக்கம் தெரியப் பச்சை மை கலந்திருப்பாள். மறுநாள் அந்தக் குஞ்சின் முதுகில் பாய் சுருட்டுகிற மாதிரி இரண்டு ஓரமும் எழும்பி நடுவில் வந்து ஒட்டிக்கொண்டு குழாயாகும். அதுதான் பின்னால் முதுகுத் தண்டு ஆவது.

கோவிந்தராசு வெகு நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தான். ஊசி போட்ட குஞ்சுகளில் பல, உடம்பு ஒரு பக்கமாக வளைந்து, நேராக நீந்தத் தெரியாமல் ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தன.

"இதே மேஸ்திரி நமக்கும் இருக்குதா மேடம்?"

"ஈக்கு இருக்கு, தவளைக்கு இருக்கு, நமக்கும் இருக்கு. கிட்டத்தட்ட ஒரே ஜீன்தான்."

அன்றைக்கு என் வண்டியில்தான் திரும்பி வந்தான். வீட்டுக்கு முன்னால் இறங்கினவன், "தவளைக்கும் எம் பொண்ணுக்கும் ஒரே மேஸ்திரின்னா, அப்ப நான் ஒரு வருசமா எதண்ணே பிளீச்சிங்குல ஊத்திக்கினு இருந்தேன்?" என்றான். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே, போய்ச் சாப்பிட்டுப் படு என்று அதட்டினேன். அதட்டினேனே தவிர எனக்கும் சோறு சரியாக இறங்கவில்லை.

பிறகு என் மச்சான் மகள் கல்யாணத்துக்காக நான் காரைக்கால் போக வேண்டி வந்தது. கல்யாணம் முடிந்த கையோடு எனக்கு டெங்கு. அங்கேயே படுத்துவிட்டேன். திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதுவரை சாயங்காலத் தட்டுகளை யார் ஊற்றினார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. வேலைக்கு வந்த அன்றைக்கு ஏசியின் வெளி மெஷினைத் துடைக்கலாம் என்று கட்டிடத்தின் பின்பக்கம் போனேன். படிக்கட்டுக்கு அடியில் பழைய சாக்கைப் போட்டு மூடி ஒரு பெரிய நீலப் பிளாஸ்டிக் டப் இருந்தது, எங்கள் பழைய கம்பெனி டப்.

சாக்கைத் தூக்கினேன். நூற்றுக்கணக்கில் தலைப்பிரட்டைகள் இருந்தன. வாயோரம் மீசை மாதிரி இழை முளைத்தவை, பின்னங்கால் முளைத்தவை, நேற்று வந்த பொடிசு என்று எல்லா வயதிலும் இருந்தன. சில வட்டமடித்தன, சில நேராக நீந்தின.

"உனக்குப் பைத்தியம் கியித்தியம் புடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"என்னால முடியலண்ணே. ஊத்தப் போவேன். கை வராது. இன்னிக்கு ஒரு நாள் வச்சிருப்போம், நாளைக்கு யோசிப்போம்னு வுட்டுருவேன். தெனம் இப்டியே ஆயிடுச்சி."

வேறு எவனாக இருந்தாலும் பொய் சொல்கிறான் என்பேன். இவன் ஒரு மாதம் முழுக்க நாளைக்கு யோசித்திருப்பான், எனக்குச் சந்தேகமே இல்லை.

மறைத்து வைப்பது எத்தனை நாளைக்கு? அந்த வாரமே பேராசிரியர் அந்தப் பக்கம் போனில் பேசிக்கொண்டே வந்தவர் டப்பைப் பார்த்துவிட்டார். அவர் கத்தவில்லை. வெளிநாட்டுத் தவளை, மழையில் டப் நிரம்பி ஒன்று வெளியே போனாலும் ஊர்க் குளம் குட்டையெல்லாம் பாழாகும், இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்றார். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை கிடையாது என்றும் கோவிந்தராசுவிடம் சொன்னார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அவர் போன பிறகு அறிவுமதி டப்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் இருந்தது, ஆனால் அதை மீறி வேறு ஏதோ கண்ணில் பட்டிருந்தது.

"அண்ணா, இதுல நேரா நீந்தறது எல்லாம் ஊசி போடாததா? இல்ல, ஊசி போட்டதுல சிலது தானா சரியாயிடுச்சா?"

"தெரியல மேடம். எல்லாத்தையும் ஒண்ணாதான் போட்டேன்."

"பச்சை மையும் மங்கிப்போச்சு. எது எதுன்னு இனிமே கண்டுபுடிக்கவே முடியாதே." அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஆறு மாசமா எனக்கே ஒண்ணும் புரியாம ஓடிக்கினு இருக்கு. ஒரு தடவ போட்டா வளையுது, அடுத்த தடவ வளைய மாட்டேங்குது. இது தெரிஞ்சிருந்தா எவ்வளவோ உதவியா இருந்திருக்கும். ஏண்ணா இப்டிப் பண்ணீங்க?"

அப்போதுதான் அவன் சொன்னான். குழந்தை, முதுகு, பாம்பு, பூவிழி வயிற்றில் இருப்பது, வருகிற வெள்ளிக்கிழமை ஸ்கேன் என்று எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினான். கடைசியில் டப்பைக் காட்டி, "இதுக்கெல்லாம் நீங்க ஊசி போட்டீங்க மேடம். எம் பொண்ணுக்கு யாரு போட்டது?" என்றான்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஆனாலும் போகாமல் நின்றேன்.

அறிவுமதி மெதுவாகச் சொன்னாள். "நான் பாக்கறது மூடுன குழாய்க்குள்ள எது எங்க இருக்கணும்னு. உங்க பாப்பாவுக்கு அந்தக் குழாயே மூடல. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே வீடு இல்ல. ஏன் மூடலன்னா, சில சமயம் ஃபோலிக் ஆசிட்னு ஒரு சத்து பத்தாம இருக்கும், சில சமயம் ஜீன், சில சமயம் ரெண்டும். உங்க பாப்பாவுக்கு எதுன்னு எனக்குத் தெரியாதுண்ணா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு தெரியும். மனுசங்களுக்கு அந்தக் குழாய் நாலாவது வாரத்துலயே மூடிரும். மூடலன்னா அப்பவே மூடல. வயித்துல இருக்கறது அம்மாவுக்கே சரியாத் தெரியாத நேரம் அது. அஞ்சாம் மாசத்துல நீங்க பாம்ப அடிச்சாலும், அடிக்காம மால போட்டுக் கும்பிட்டாலும், அது அதுக்கு முன்னாடியே முடிஞ்சு போன விசயம்."

மாணவி என்றாலும் படித்த வாய். பாம்பு அதோடு செத்தது என்று நினைத்தேன். ஆனால் கோவிந்தராசு முகத்தைப் பார்த்தால் நிம்மதி வந்த முகமாக இல்லை. விரல் விட்டு எதையோ எண்ணினான்.

"நாலாவது வாரமா?" என்றான். "இந்தப் புள்ளைக்கு நாலாவது வாரம்னா, அப்ப பூவிழி எங்கிட்ட சொல்லவே இல்ல. அந்த நேரம் தெனம் சாயங்காலம் இதே கையால நூறு எரநூறுன்னு கொன்னுக்கினு இருந்தேன்."

நான் டெங்குவில் விழுந்தபோதுகூட இப்படிக் குளிர் எடுக்கவில்லை. அவன் கணக்கு தெளிவாகத்தான் இருந்தது. உயிர் எடுத்த பாவம் வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும் என்றால், முதல் குழந்தைக்கு ஒரு பாம்புதான், அதுவும் காலம் கடந்து. இந்தக் குழந்தைக்கோ ஆயிரம் உயிர், அதுவும் முதுகு மூடுகிற அதே வாரத்தில். இந்தக் குழந்தை நன்றாக இருந்தால் பாம்பின் மேல் குற்றம் இல்லை. இல்லையென்றால்? எல்லாம் வெள்ளிக்கிழமையில் போய் நின்றது.

டப்பில் இருந்தவற்றுக்கு அறிவுமதியே மயக்க மருந்து கலந்தாள். கோவிந்தராசு இந்த முறை திரும்பி நிற்கவில்லை. கடைசியாக வட்டமடித்த ஒன்று நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தான். பார்ப்பது நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டான். எனக்கு என்ன தெரியும்?

வெள்ளிக்கிழமை காலையில் என் பழைய ஆம்னியில் இருவரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். எங்கள் ஊரிலிருந்து டவுனுக்குப் போவதற்குள் நடுவே தமிழ்நாடு ஒரு முறை வந்து போகும். பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் தாண்டினால் மறுபடி புதுச்சேரி. கோவிந்தராசு அந்த வழி முழுக்க, ஸ்கேனை இன்றைக்கே எடுக்கலாமா அடுத்த வாரம் எடுக்கலாமா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பூவிழி ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். முதல் குழந்தை போனதிலிருந்து அந்தப் பெண் அழுது நான் பார்த்ததில்லை. காலையில் எழுந்ததும் ஒரு மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்குவாள், இரண்டு வருடமாக. ரத்தத்துக்கு என்று கோவிந்தராசு நினைத்துக்கொண்டிருந்தான்.

நான் ஸ்கேன் சென்டருக்கு வெளியே வண்டியில் இருந்தேன். உள்ளே போனவர்கள் வருவதற்குள் சிவன் கோயில், மாரியம்மன் கோயில், வேளாங்கண்ணி மாதா என்று ஒருவரையும் விடாமல் வேண்டிக்கொண்டேன். எனக்குச் சாமி நம்பிக்கை குறைவு என்று ஊரில் ஒரு பேர் உண்டு.

கோவிந்தராசு வெளியே வந்தான். நான் வண்டியை விட்டு இறங்கி ஓடினேன்.

"மூடியிருக்குதுண்ணே" என்றான். "டாக்டரம்மா திரையத் திருப்பிக் காட்டுனாங்க. ரெண்டு சரமா முத்து கோத்த மாதிரி வெள்ளையா தெரிஞ்சுது. கழுத்துலேர்ந்து கீழ வரைக்கும் நல்லா மூடியிருக்குதுன்னு சொல்லிட்டாங்க."

நான் அவனைக் கட்டிப்பிடித்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை.

வண்டி கிளம்பியதும் வீராயிக்கு போன் போட்டான். அந்த அம்மாவின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையே இல்லை. "பாத்தியாடா, இந்தத் தடவ நீ ஒரு உசுரயும் எடுக்கல. அதான் ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்றாள். கோவிந்தராசு ஆமாம்மா என்று சொல்லிப் போனை வைத்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று எனக்கு நாக்கு வரை வந்தது. நல்ல நாளும் அதுவுமாக எதற்கென்று அடக்கிக்கொண்டேன்.

கோட்டக்குப்பம் வந்தபோது பின் சீட்டிலிருந்து அவன் குரல் கேட்டது.

"பூவு, அது பாம்பால இல்ல. இப்ப நல்லாத் தெரிஞ்சிபோச்சி. முதுகு மூடறது மொத மாசத்துலயே முடிஞ்சிருமாம். நான் பாம்ப அடிச்சது அஞ்சாம் மாசம்."

அவள் நல்லது என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியில் பார்த்தேன். அவள் முகம் செத்துப்போயிருந்தது.

"அப்ப நான்தான்" என்றாள்.

"இன்னா சொல்ற?"

"மொதப் புள்ளைக்கு நர்ஸம்மா சத்து மாத்திர குடுத்தாங்க. சாப்புட்டா வாந்தி வந்துது. சாப்புடாம அம்புட்டயும் சாக்கடைல போட்டுட்டேன். யாருகிட்டயும் சொல்லல. அத்த பாம்புன்னு சொன்னப்போ நான் வாயத் தொறக்கல. நீங்க இத்தன நாளா நொந்துக்கினு இருந்தீங்க, பாத்துக்கினே இருந்தேன். பாம்பா இருக்கட்டும், பாம்பாவே இருக்கட்டும்னு தெனம் வேண்டிக்கினேன்."

இந்த இடத்தில் மட்டும் அவன் யோசித்து நின்றால் அந்தப் பெண் அவ்வளவுதான். டீயா காபியா என்று அரை மணி நேரம் நிற்பவன். ஐயோ, சீக்கிரம் ஏதாவது சொல்லித் தொலையேன்டா என்று மனசுக்குள் கத்தினேன்.

அவன் யோசிக்கவில்லை.

"மாத்திர எப்ப குடுத்தாங்க?"

"மூணாம் மாசம். ஆஸ்பத்திரில கார்டு போடப் போனப்ப."

"மொத மாசத்துல முடிஞ்சத மூணாம் மாசத்து மாத்திர இன்னா பண்ணும்? நீயும் இல்ல பூவு. பாம்பும் இல்ல, நானும் இல்ல, நீயும் இல்ல."

அவள் அழுதாள். அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை, இரண்டு வருட அழுகை. வயிற்றில் இருப்பதற்கு ஆகாது, அழாதே என்று யாரும் சொல்லவில்லை. பொம்மையார்பாளையம் தாண்டியது. அழுகை தேய்ந்த பிறகு, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப எதனாலங்க? எம் பொண்ணு எதனால போனா?"

"தெரியாது" என்றான் கோவிந்தராசு. "மேடத்துக்கும் தெரியாதாம். யாருக்கும் தெரியாதாம் பூவு."

அவன் தெரியாது என்று சொல்லி நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிச்சல்தான் வந்திருக்கிறது. அன்றைக்கு வரவில்லை. அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். பாம்பு இருந்தபோதாவது திட்டுவதற்கு ஒன்று இருந்தது. இப்போது அதுவும் இல்லாமல், அந்தச் சின்ன முகம் மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது.

பிள்ளைச்சாவடி வந்தது. எங்கள் தெரு திரும்புகிற இடமும் வந்தது. அவர்கள் அப்படியே கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நான் திருப்பவில்லை, அவர்களும் நிறுத்தச் சொல்லவில்லை. வண்டி காலாப்பட்டு ரோட்டில் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.